வெளிச்சம் தாங்காத கண்களும் சூரியனின் பாடலும்



ஆதியாகமம் 29ஆம் அதிகாரத்தில் லேயாளுடைய கண்களைக் குறித்து ஒரு சொல் வருகிறது. எபிரெய மூலத்தில் அது ‘மென்மையான’ என்று பொருள்படும் சொல். அதைப் பாராட்டாக வாசிப்போரும் உண்டு, குறையாக வாசிப்போரும் உண்டு. நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்களோ தயங்காமல் ‘கூச்சப்பார்வை’ என்று எழுதிவிட்டார்கள். மற்ற மொழிகளின் வாசகர்கள் பொருள் தேடி நிற்கும் இடத்தில், தமிழ் வாசகருக்கு லேயாள் கண்களைச் சுருக்கிக்கொண்டு வெயிலில் நிற்பது தெரிகிறது. அவளுக்கு இருந்த நோய் என்னவென்று வேதம் சொல்லவில்லை. அவளை ஊரார் அந்தக் கண்களைக்கொண்டே அடையாளம் கண்டார்கள் என்பது மட்டும் விளங்குகிறது.

இந்த வாரம் நாம் சிந்திக்கப்போவது, கண் கூச்சத்தோடும் கண் வலியோடும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த இன்னொருவரைக் குறித்து. அவரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். தோட்டங்களில் தோளில் பறவையும் காலடியில் ஓநாயுமாக நிற்கும் சிலையில் அவரைப் பார்த்திருப்பீர்கள். அசிசி நகரத்துப் பிரான்சிஸ் அவர். சூரியனையும் நிலாவையும் நெருப்பையும் உடன்பிறப்புகளாக அழைத்துத் தேவனைத் துதித்த பாடலை இயற்றியவர் என்று அவரைப் புகழ்கிறோம். அந்தப் பாடலை அவர் எந்த நிலையில் இயற்றினார் என்பதைச் சிலைகள் சொல்வதில்லை. பகலின் ஒளியையும் இரவில் விளக்கின் ஒளியையும் ஒருசேரத் தாங்க முடியாமல், ஓர் இருட்டறையில் ஐம்பது நாட்களுக்கு மேல் கிடந்த ஒரு மனிதர் இயற்றிய பாடல் அது.

செய்தியைத் தொடக்கத்திலிருந்தே பார்ப்போம்.

பிரான்சிஸ் துணி வணிகர் ஒருவரின் மகன். 1181 அல்லது 1182ஆம் ஆண்டு பிறந்தவர். செல்வத்தை உதறி, ஏழைகளோடும் தொழுநோயாளரோடும் வாழத் தொடங்கிய கதை நமக்குத் தெரிந்ததே. 1219ஆம் ஆண்டு அவர் எகிப்துக்குக் கப்பலேறினார். அப்போது ஐந்தாம் சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்தது. நைல் நதியின் முகத்துவாரப் பகுதியிலுள்ள தமியத்தா என்னும் கோட்டை நகரைக் கிறிஸ்தவப் படைகள் முற்றுகையிட்டிருந்தன. வெயில், மணல், ஈக்கள், அழுக்கு நீர், பிணங்கள், காய்ச்சல் என்று அந்தப் பாளயம் நோய்களின் கிடங்காயிருந்தது. அங்கிருந்து பிரான்சிஸ் ஒரு சகோதரரை அழைத்துக்கொண்டு, ஆயுதமின்றிப் போர்முனையைக் கடந்து, எதிரியாகக் கருதப்பட்ட சுல்தான் அல்-காமிலின் கூடாரத்துக்கே சென்று சுவிசேஷத்தைப் பேசினார். சுல்தான் அவரைத் துன்புறுத்தாமல் மரியாதையோடு கேட்டுத் திருப்பி அனுப்பினார். சிலுவைப் போர்களின் வரலாற்றில் நாம் தலைகுனியாமல் வாசிக்கக்கூடிய மிகச் சில பக்கங்களில் அது ஒன்று.

அந்தப் பயணத்திலிருந்து 1220ஆம் ஆண்டு அவர் நாடு திரும்பியபோது கண் நோயோடு திரும்பினார். அதற்கு அக்காலத்தார் பெயர் எதுவும் எழுதிவைக்கவில்லை. கண்களிலிருந்து இரவும் பகலும் நீர் வடிந்தது, வலித்தது, வெளிச்சத்தைத் தாங்க முடியவில்லை, வரவரப் பார்வை மங்கியது என்ற குறிப்புகள் இருக்கின்றன. இவற்றைக்கொண்டு, அது டிரக்கோமா என்னும் தொற்றுநோயாக இருந்திருக்கக்கூடும் என்பது மருத்துவ வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. எகிப்து அந்த நோய்க்குப் பழைய வீடு. அவருக்கு ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் நெப்போலியனின் போரில் எகிப்துக்குச் சென்ற பிரெஞ்சு, ஆங்கிலப் படைவீரர்களும் இதே போன்ற கண் நோயோடுதான் வீடு திரும்பினார்கள். லண்டனில் புகழ்பெற்ற மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை 1805ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதற்கு அந்த வீரர்களின் கண்களே பெரிய காரணம்.

டிரக்கோமா கண்ணை எப்படிக் கெடுக்கிறது என்பதைச் சற்று விளக்க விரும்புகிறேன். ஏனென்றால் பிரான்சிஸ் அனுபவித்தது என்னவென்று அறியாமல் அவருடைய பாடலை அறிய முடியாது. அழுக்குக் கைகளாலும் துணியாலும் ஈக்களாலும் பரவும் ஒரு பாக்டீரியா, இமையின் உட்புறத்தைத் தாக்குகிறது. மீண்டும் மீண்டும் தொற்றும்போது அங்கே தழும்பு விழுகிறது. தழும்பு சுருங்கச் சுருங்க இமை உள்நோக்கி மடங்குகிறது. அதன்பின் இமைமயிர்கள் ஒவ்வொரு சிமிட்டலிலும் கருவிழியின் மேல் உரசுகின்றன. கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போல மூடியிருக்கும், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள கார்னியா என்னும் படலத்தையே நாம் வழக்கில் கருவிழி என்கிறோம். அதில் இரத்தக் குழாய்கள் கிடையாது, ஆனால் நரம்பு முனைகள் உடலின் வேறெந்த மேற்பரப்பையும்விட நெருக்கமாக இருக்கின்றன. ஒரு தூசி விழுந்தால் நாம் துடித்துப்போவது அதனால்தான். அப்படிப்பட்ட படலத்தின்மேல் பகல் முழுவதும் மயிர்கள் உரசிக்கொண்டிருந்தால் என்னவாகும்? அது புண்ணாகிறது, பின் மங்கித் தழும்பாகிறது. புண்பட்ட கருவிழிக்குப் பின்னால் கண்மணியைச் சுருக்கும் தசையும் இறுகிக்கொள்கிறது. வெளிச்சம் படும்போது கண்மணி சுருங்க முயல்கிறது, அந்த முயற்சியே வலியாகிறது. ஆகவே இந்த நோயாளிக்கு விடியற்காலம் என்பது நாம் அறிந்த விடியற்காலம் அல்ல.

திரும்பிய பின்னும் பிரான்சிஸ் ஓயவில்லை. சபையின் தலைமைப் பொறுப்பை விட்டுக்கொடுத்தார், ஒழுங்குகளை எழுதினார், ஊர் ஊராகப் பிரசங்கித்தார். 1224ஆம் ஆண்டு லா வெர்னா மலையில் தனித்திருந்தபோது அவர் உடலில் ஐந்து காயங்களின் அடையாளங்கள் தோன்றியதாகச் சொல்லப்படும் செய்தியை இங்கே நான் ஆராயவில்லை. அந்தக் காயங்களைப் பற்றிப் பேசியவர்கள் ஆயிரம் பேர், அந்தக் கண்களைப் பற்றிப் பேசியவர்கள் சிலர். என் கவலை கண்களைப் பற்றியது.

1225ஆம் ஆண்டில் அவர் அசிசி நகருக்கு வெளியேயுள்ள சான் தமியானோவுக்குக் கொண்டுவரப்பட்டார். அது கிளாராவும் அவரோடிருந்த சகோதரிகளும் ஏழ்மையில் வாழ்ந்த சிறிய ஆலய வளாகம். இளமையில் பிரான்சிஸ் தம் கைகளால் கல்லடுக்கிப் பழுதுபார்த்த ஆலயமும் அதுவே. அங்கே பாய்களால் மறைத்த ஒரு சிறு அறை அவருக்கு அமைக்கப்பட்டது. அவரோடு வாழ்ந்த லியோ, ரூஃபினோ, ஆஞ்செலோ என்னும் மூன்று சகோதரர்கள் 1246ஆம் ஆண்டில் தங்கள் நினைவுகளை எழுதி அனுப்பினார்கள். அவர்கள் வழியாகவும் மற்ற தோழர்கள் வழியாகவும் நமக்கு வந்திருக்கும் குறிப்புகள் அந்த நாட்களை ஒளிவுமறைவின்றிச் சொல்கின்றன. பகலில் சூரிய ஒளியையும் இரவில் நெருப்பின் ஒளியையும் அவரால் பார்க்க முடியவில்லை. வலியினால் தூக்கம் வரவில்லை. சற்றுக் கண்ணயர்ந்தால் எலிகள் அவர்மேல் ஓடின. உண்ணும்போது பலகையின் மேலேயே ஏறி வந்தன.

ஓர் இரவில் அவருக்குத் தம்மேலேயே பரிதாபம் வந்துவிட்டது என்று தோழர்கள் எழுதியிருக்கிறார்கள். அன்பானவர்களே, பரிசுத்தவான்களின் வரலாறுகளில் இப்படிப்பட்ட வரிகளை நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். நான் இதைக் கடக்கமாட்டேன். அவர் வீரம் பேசவில்லை. பொறுமையோடு தாங்கும்படி எனக்கு உதவி செய்ய வாரும் என்ற பொருளில் ஜெபித்தார், அவ்வளவுதான். அதற்கு மறுமொழியாக, இந்த நோயை மாற்றிப் பூமி முழுவதும் பொன்னாகக் கிடைத்தாலும் ஒப்பாகாத ஒரு பொக்கிஷம் தனக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்னும் நிச்சயம் அவர் உள்ளத்தில் உண்டாயிற்று. நோய் நீங்கும் என்ற வாக்கு அதில் இல்லை.

மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, தோழர்களை அழைத்து, அந்தப் பாடலை இயற்றினார். லத்தீனில் அல்ல, சாதாரண மக்கள் பேசிய உம்பிரிய வட்டார மொழியில். இத்தாலிய மொழி இலக்கியத்தின் மிகப் பழைய கவிதைகளில் ஒன்றாக அது இன்று எண்ணப்படுகிறது. அதற்கு மெட்டும் அமைத்துத் தோழர்களுக்குக் கற்பித்தார். அசிசியில் காக்கப்படும் பழைய கையெழுத்துப் பிரதியில் இசைக்குறிகளுக்காக இடம் விடப்பட்டிருக்கிறது. அந்த இடம் நிரப்பப்படாமலே இருக்கிறது, மெட்டு நமக்கு வந்து சேரவில்லை. பாடலின் போக்கு 148ஆம் சங்கீதத்தை நினைவுபடுத்தும். ஆனால் சங்கீதக்காரர் படைப்புகளைத் துதிக்கும்படி அழைக்க, பிரான்சிஸ் படைப்புகளைக் குறித்துத் தேவனைத் துதிக்கிறார். அங்கே அவர் பயன்படுத்திய சிறு இடைச்சொல் ‘அவற்றுக்காக’ என்றும் ‘அவற்றின் வழியாக’ என்றும் பொருள் தரும். அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது கவனியுங்கள். படைப்புகளின் வரிசையில் அவர் முதலாவது வைத்தது சூரியனை. அதுவும் வெறுமனே சகோதரன் என்று அழைக்காமல், பெரியவர்களுக்குரிய மரியாதைச் சொல்லையும் முன்னே சேர்த்து அழைத்தார். நம் ஊரில் மூத்தவரை ‘அண்ணாச்சி’ என்று அழைப்பதில் உறவும் மதிப்பும் ஒன்றாயிருப்பது போல. பின்னர் நிலாவும் நட்சத்திரங்களும், காற்று, நீர், அதற்குப்பின் நெருப்பு. அதாவது, அந்த மாதங்களில் தமக்கு மிகுந்த வேதனை கொடுத்த இரண்டையும், பகலின் ஒளியையும் இரவின் ஒளியையும், அவர் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. அவை தமக்கு இனிமையாயிருக்கின்றன என்றும் அவர் பொய் சொல்லவில்லை. பிரசங்கி 11ஆம் அதிகாரம் வெளிச்சம் இன்பமானது என்றும் சூரியனைக் காண்பது கண்ணுக்குப் பிரியமானது என்றும் போதிக்கிறது. பிரான்சிஸுக்கு அந்த ஆண்டில் அது பிரியமாயிருக்கவில்லை. ஆயினும் சூரியன் நல்லது என்பது தம்முடைய கண்களின் நிலையைப் பொறுத்ததல்ல என்று அவர் அறிந்திருந்தார். வயலில் உழைப்பவனுக்கும் வழிப்போக்கனுக்கும் கிளாராவின் சிறு தோட்டத்துக்கும் அது வேண்டும். தம்மைத் தவிர எல்லோருக்கும் நன்மையாயிருக்கும் ஒன்றுக்காக அவர் நன்றி சொன்னார். இது எவ்வளவு கடினமானது என்பதை, நீண்ட நோயில் ஜன்னலுக்கு வெளியே மற்றவர்களின் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவர்கள் அறிவார்கள்.

நாம் தினமும் பயன்படுத்தும் இந்தப் படைப்புகளைக்கொண்டே நம் இனம் படைத்தவரைத் துக்கப்படுத்துகிறது என்பதாலும் இந்தத் துதியைச் செய்ய விரும்புகிறேன் என்று அவர் அன்று சொன்னதாகக் குறிப்பு உண்டு. பின்னர் அதே நோய்ப் படுக்கையில், அசிசியின் பேராயருக்கும் நகரத் தலைவருக்கும் மூண்டிருந்த பகையைக் கேள்விப்பட்டு, மன்னிப்பவர்களையும் நோயைச் சமாதானத்தோடு தாங்குகிறவர்களையும் குறித்து ஒரு பகுதியைச் சேர்த்தார். தோழர்கள் போய் இருவர் முன்னிலையிலும் பாட, அவர்கள் ஒப்புரவானார்கள். நோயைத் தாங்குவதையும் பகையை மன்னிப்பதையும் அவர் ஒரே பகுதியில் வைத்தது எனக்கு வியப்பாயிருக்கிறது. நெடுநாள் வலியில் இருப்பவருக்கு மன்னிக்க எத்தனை பேர் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர்களில் முதலாவது, வலியை நம்பாதவர்கள். இதை நம் சபையைக் குறித்தே சொல்லுகிறேன். நம் நடுவில் கருவிழி நோயோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அறுவடைக் காலத்தில் நெற்கதிரோ சோளத்தாளோ கண்ணில் கீறிப் புண்ணானவர்கள் உண்டு. அந்தக் கீறலில் பூஞ்சைக் காளான் பற்றி மாதக்கணக்கில் ஆறாமல் போவது நம் தென்மாவட்டங்களில் அரிதல்ல. வேறு சிலருக்கு வைரஸ் கிருமி ஒன்று நரம்பில் தங்கி ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கருவிழியைப் புண்ணாக்குகிறது. இன்னும் சிலருக்கு மருத்துவர் விளக்கு வைத்துப் பார்க்கும்போது புண் ஆறியிருக்கும், ஆனால் சேதமடைந்த நரம்புகள் வலியை அறிவித்துக்கொண்டே இருக்கும். வெளியே பார்ப்பவருக்குக் கண் தெளிவாகத்தான் தெரிகிறது. அவர்கள் ஆலயத்துக்குள் கறுப்புக் கண்ணாடியோடு வந்தால் ஆராதனைக்கு மரியாதை இல்லையா என்கிறோம். பீடத்தில் நாம் புதிதாக மாட்டியிருக்கும் பெரிய விளக்குகளுக்கும் பாடல் வரிகள் ஒளிரும் திரைக்கும் அஞ்சித் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால், பின்வாங்கிப் போய்விட்டார் என்கிறோம். வராமலே இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ‘ஊக்கமாய் ஜெபித்தீர்களா?’ என்று ஒருவர் அவர்களிடம் கேட்கும்போது, அந்தக் கேள்விக்குள் ஒரு குற்றச்சாட்டு இருப்பதை அவர்கள் உணராமல் இல்லை. கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள் என்று ஒரு போதகனாக நான் அவர்களுக்குச் சொல்லுகிறேன். விளக்குகளைக் குறித்துச் சபைக் குழுவில் பேசுவேன்.

மறுபடியும் பிரான்சிஸிடம் வருவோம். வைத்தியம் செய்துகொள்ள அவர் தயங்கினார். பல ஆண்டுகள் தம் உடலை அவர் கடுமையாகவே நடத்தியிருந்தார். பின்னாளில் தம் உடலைச் சகோதரன் என்று அழைத்து அதனிடம் மன்னிப்புக் கேட்டார் என்று செலானோவின் தாமஸ் எழுதுகிறார். அழுது ஜெபிப்பதைக் குறைத்தால் கண்களுக்கு நல்லது என்று மருத்துவர் சொன்னபோதும் அவர் கேட்கவில்லை. ஈக்களுக்கும் நமக்கும் பொதுவான இந்த ஒளியை விரும்பி நித்திய ஒளியை ஒரு கணமும் தள்ளிவைக்கலாகாது என்ற பொருளில் மறுமொழி சொன்னதாக பொனவெந்தூரா குறித்திருக்கிறார். அழகான பதில்தான். ஆனாலும் அன்பானவர்களே, இதில் நான் மருத்துவரின் பக்கம். நீங்கள் யாரும் இந்தப் பதிலைக் காட்டிச் சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இலைச்சாறும் தாய்ப்பாலும் கண்ணில் விடாதீர்கள்.

நல்லவேளையாக அவருடைய நண்பர்களும் அப்படியே எண்ணினார்கள். சகோதரர் எலியாவும், பிற்காலத்தில் போப்பாக உயர்ந்த கர்தினால் ஊகோலினோவும் அவரை வற்புறுத்தினார்கள். எலியா அவருக்கு மேலான பொறுப்பில் இருந்தவர். ஆகவே வைத்தியத்துக்கு உடன்படுவது பிரான்சிஸுக்குக் கீழ்ப்படிதலாயிற்று. மருந்தை ஏற்பது விசுவாசக் குறைவு என்று நம் காலத்துப் பிரசங்கிமார் சிலர் பேசுவதற்கு நேர்மாறாக, மருந்தை மறுப்பதே பிடிவாதம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அப்போது போப்பின் அரசவை ரியெத்தி நகரில் தங்கியிருந்தது. நல்ல கண் வைத்தியர்கள் அங்கே இருந்தார்கள். 1225ஆம் ஆண்டு கோடையில் அவரைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பகல் வெளிச்சம் படாதபடி சகோதரர்கள் அவருக்குப் பெரிய முக்காடு ஒன்று செய்து, அதில் கம்பளியும் நார்த்துணியுமான ஒரு பட்டையைத் தைத்துக் கண்களின் மேல் விழும்படி அமைத்தார்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாத காலத்தில் அன்பு கண்டுபிடித்த கறுப்புக் கண்ணாடி அது.

ரியெத்திக்கு அருகில் ஃபோந்தே கொலொம்போ என்னும் மலைத் துறவகத்தில் வைத்தியம் நடந்தது. தலையிலிருந்து தீய நீர் கண்களுக்கு இறங்குகிறது, அது வரும் வழியைச் சூட்டுக்கோலால் சுட்டு அடைத்தால் நிற்கும் என்பது அக்கால மருத்துவக் கொள்கை. ஐரோப்பியரும் அரபு மருத்துவரும் அதையே கைக்கொண்டார்கள். நம் கிராமங்களில் சூடு போட்ட பாட்டிமார்களை நினைத்தால் நமக்கும் அது முற்றிலும் புதிதல்ல. அதிகமாய்க் கெட்டிருந்த கண்ணின் பக்கத்தில், தாடையிலிருந்து புருவம் வரை சுட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். இரும்பு நெருப்பில் பழுக்கும்போது பிரான்சிஸ் அஞ்சினார் என்பது தெளிவாகத் தெரிகிறது. ஏனென்றால் அவர் நெருப்போடு பேசத் தொடங்கினார். உன்னை நான் எப்போதும் நேசித்திருக்கிறேன், இந்த வேளையில் என்னிடம் இரக்கமாயிரு என்ற கருத்தில் அதைச் சகோதரன் என்று விளித்து வேண்டிக்கொண்டு, சிலுவை அடையாளமிட்டார். அருகிலிருந்த தோழர்கள் அந்தக் காட்சியைத் தாங்க முடியாமல் ஓடிப்போனார்கள். திரும்பி வந்தபோது, வலிக்கவில்லை என்று சொல்லி அவர்களை அன்பாகக் கடிந்துகொண்டார். மருத்துவர் வியந்தார்.

ஆனால் கண்கள் குணமாகவில்லை. மருத்துவர்கள் காதுக்கும் புருவத்துக்கும் இடையிலுள்ள நரம்புகளை அறுத்துத் திறந்தார்கள். வேறொரு மருத்துவர் பழுத்த இரும்பால் இரு காதுகளையும் துளைத்தார். ஒன்றும் பயன்படவில்லை. இந்தப் பகுதியை நாம் பிரசங்கங்களில் சொல்வதில்லை. நெருப்பு வலிக்கவில்லை என்னும் அற்புதத்தைச் சொல்லி அங்கேயே நிறுத்திக்கொள்கிறோம். தேவன் அவருக்கு வைத்தியத்தின் வலியைத் தாங்கக் கிருபை கொடுத்தார், வைத்தியத்தின் பலனைக் கொடுக்கவில்லை. 2 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தில் மூன்று முறை வேண்டிக்கொண்ட பவுலும் இதே இடத்தில்தான் நிற்கிறார். கலாத்தியர் 4ஆம் அதிகாரத்தில் அந்தச் சபையார் தங்கள் கண்களையே பிடுங்கிக் கொடுத்திருப்பார்கள் என்று அவர் எழுதுவதைக்கொண்டு, அவருடைய முள்ளும் கண் நோய்தான் என்று கருதுவோர் உண்டு.

அந்தச் சிகிச்சை நாட்களிலிருந்து இரண்டு சிறு நிகழ்ச்சிகள். ஒருநாள் பிரான்சிஸ் தம் மருத்துவரை விருந்துக்கு அழைத்தார். சகோதரர்களுக்கு வெட்கமாய்ப் போயிற்று, ஏனெனில் வீட்டில் நல்ல உணவு ஒன்றுமில்லை. அவர்கள் உட்கார்ந்ததும் கதவு தட்டப்பட்டது. தூரத்திலிருந்து ஒரு பெண்மணி அனுப்பிய கூடையில் ரொட்டி, மீன், இறால் பண்டங்கள், தேன், திராட்சை எல்லாம் இருந்தன.

மற்றது எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. கண் நோயுள்ள ஓர் ஏழைப் பெண் அதே மருத்துவரைப் பார்க்க ரியெத்திக்கு வந்திருந்தாள். அவளுக்குச் செலவுக்கும் வழியில்லை என்று மருத்துவர் பேச்சுவாக்கில் சொன்னார். பிரான்சிஸ் உடனே, பொறுப்பிலிருந்த சகோதரரை அழைத்து, வேறொருவருக்குச் சொந்தமானதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றார். அவர் சொன்னது தம்முடைய மேலங்கியை. தன்னைவிட ஏழையான ஒருவருக்கு அது தேவைப்படும் வரைக்கும் கடனாகத் தன்னிடம் இருந்தது என்பது அவர் கணக்கு. பன்னிரண்டு ரொட்டிகளோடு அந்த மேலங்கி அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் அவள் நம்பவில்லை, கேலி என்று எண்ணினாள். பிறகு, கொடுத்தவர்கள் மனம் மாறிவிடுவார்களோ என்று அஞ்சி இரவோடு இரவாக ஊருக்குப் புறப்பட்டுவிட்டாளாம். மங்கிய கண்களோடு இருந்த அந்த நோயாளி, தம் பக்கத்து நோயாளியைப் பார்த்துவிட்டார்.

இன்று அந்த இருவருக்கும் மருந்து உண்டு. டிரக்கோமாவை மாத்திரையால் தீர்க்கலாம். மடங்கிய இமையை எளிய அறுவையால் திருப்பலாம். நம் நாட்டில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் இந்த நோய் ஒழிக்கப்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டு அறிவித்தது. கருவிழியே தழும்பாகிவிட்டாலும் மாற்றிவைக்கலாம். 1905ஆம் ஆண்டு டிசம்பரில், இன்றைய செக் நாட்டிலுள்ள ஒலோமௌட்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம் என்னும் மருத்துவர், சுண்ணாம்பு பட்டுப் பார்வையிழந்த ஒரு தொழிலாளிக்கு, காயத்தினால் கண்ணை எடுக்க நேர்ந்த ஒரு சிறுவனின் கருவிழியைப் பொருத்தினார். அதுதான் வெற்றிகண்ட முதல் மாற்றுக் கருவிழி. பின்னாளில் இறந்தவர்களின் கண்களே இதற்குப் போதும் என்று தெரிந்தது. இறந்தபின் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள். முகம் சிதைவதில்லை. உயிர்த்தெழுதலில் கண்ணில்லாமல் எழுவோமோ என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. மண்ணிலிருந்து நம்மை எழுப்பப்போகிறவருக்கு அரை மில்லிமீட்டர் படலம் தடையாகாது.

ரியெத்தியிலிருந்து அடுத்த ஆண்டு சியன்னாவுக்கும் அழைத்துப்போய் வைத்தியம் பார்த்தார்கள். அங்கே நிலைமை இன்னும் மோசமாயிற்று. கடைசியில் அசிசிக்கே கொண்டுவந்து பேராயரின் மாளிகையில் கிடத்தினார்கள். அறிமுகமான மருத்துவர் ஒருவர் வந்தபோது, உண்மையைச் சொல்லும்படி பிரான்சிஸ் கேட்டார். செப்டம்பர் இறுதியில் அல்லது அக்டோபர் தொடக்கத்தில் முடிவு வரும் என்று அவர் சொன்னார். அப்போதுதான் பாடலின் கடைசிப் பகுதி சேர்க்கப்பட்டது. மரணத்தையும் அவர் சகோதரி என்றார். பின்பு தோழர்களை அழைத்து முழுப் பாடலையும் பாடச் சொன்னார், பகலிலும் இரவிலும். மரணப்படுக்கையில் இத்தனை பாட்டு எதற்கு, ஊரார் என்ன நினைப்பார்கள் என்று சகோதரர் எலியா கவலைப்பட்டார். பாட்டு நிற்கவில்லை.

1226ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி, சூரியன் மறைந்த பின், போர்சியுங்கோலா என்னும் சிற்றாலயத்தின் அருகில் அவர் காலமானார். வெளிச்சத்தை விரும்பி இருளுக்கு அஞ்சும் வானம்பாடிகள் அந்த அந்திப்பொழுதில் கூரையின் மேல் வட்டமிட்டுப் பாடின என்று தோழர்கள் எழுதிவைத்தார்கள். மறுநாள் காலை உடலை நகரத்துக்குச் சுமந்து செல்லும்போது, நேர் வழியை விட்டு சான் தமியானோ வழியாகப் போனார்கள். கிளாரா அப்போது கடும் நோயிலிருந்து மீண்டும் மீளாமலும் இருந்தார். சகோதரிகள் நற்கருணை பெறும் ஜன்னலின் இரும்புக் கம்பி கழற்றப்பட்டது. சகோதரர்கள் பாடையிலிருந்து உடலைத் தூக்கி, ஜன்னலுக்கு நேராகக் கைகளில் ஏந்திக்கொண்டு, உள்ளே இருந்த பெண்கள் பார்த்து முடிக்கும் வரை வெகுநேரம் நின்றார்கள்.